ரப்பர் பால் பார்க்க வந்த பந்தயக்காரர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஆறு, அதில் ஒன்று தங்கவில்லை. நாத்தனார் விட்டுப்போன பெண்ணையும் சேர்த்து வளர்த்து ஆளாக்கியது ஆறு. ஒன்றுக்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் எழுதுவேன்.

பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இலங்கையில், நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தபோது நாங்கள் இந்தியாவின் பங்குக்கு விழுந்தோம். கப்பலேறி வந்து கோத்தகிரியில் மறுபடியும் தேயிலையே கிள்ளினேன். ஆகவே எங்கள் பதுளை எனக்கு இப்போது வெளிநாடு. பிறந்த ஊருக்குப் போக பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும். என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். ரப்பர் மரம் பார்க்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குத்தினார்.

உண்மையும் அதுதான். என் கடைசி மகள் சரசு அமெரிக்காவில் நர்ஸ். லோவெல் என்கிற வயதானவரை அவர் வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்கிறாள். இளவயதில் அவர் கார்ப் பந்தயம் ஓட்டியவர். பந்தயத்தை விட்ட பிறகு ஒரு டயர் கம்பெனியில் புது டயர்களை ஓட்டிச் சோதித்தவர். அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் இந்தப் பார்வையும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள், ஆயுசெல்லாம் எதன் மேல் ஓடினாரோ அந்த ரப்பர் மரத்திலிருந்து வடிவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் பிறந்த மலைக்குக் கீழே மொனராகலையில் ரப்பர் விளைகிறது என்று சரசு எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். அவர் பிடித்துக்கொண்டார்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், குண்டுப் பயம் இல்லை. ஆனால் சரசு நாலு வயதில் விட்ட ஊர். சிங்களமும் தெரியாது, மலைப் பாதையும் தெரியாது. "நீ கூட வந்தாத்தான்மா முடியும்" என்றாள். ஒரு பச்சைச் சேலை வாங்கித் தந்தாள். இந்த வயதில் இவ்வளவு பச்சையா என்று கேட்டுக்கொண்டே கட்டிக்கொண்டேன்.

கொழும்பில் பெரியவரைக் கண்டதும் என் வாயில் 'தொரை' என்றுதான் வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரு ஆயுசுக்கு வேண்டிய அளவு அந்தச் சொல்லைச் சொல்லித் தீர்த்தாயிற்று. பெரியவர் என்றே கூப்பிட்டேன். நல்ல உயரம். இரண்டு கையிலும் பழைய தீக்காயம், தோல் உருகி இறுகினது போல. கை கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காதுக்கு அப்பால் எதையோ பார்த்தபடி சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தோட்டத்துத் துரைமாரும் இப்படித்தான். காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டில் நிற்கும்போது கூடையைப் பார்ப்பார்கள், மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள். இவரும் அந்த ஜாதி என்று எண்ணிக்கொண்டேன். சரசுவிடம் சொல்லவில்லை.

பதுளையில் முதல் நாள் முழுக்க மழை. ஐப்பசி மழை எந்த நாட்டிலும் ஒன்றுதான். வான் ஓட்ட வந்த செல்வராஜ் பசறைக்காரர், நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனுஷர். மழை நாளில் ரப்பருக்குப் போய்ப் பிரயோசனமில்லை என்றார். பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க மாட்டார்கள். வைத்தாலும் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துவிட்டார்.

காலைக்குத் தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். சிவப்பாக இருந்த சம்பலை அவர் ஜாம் என்று நினைத்து ரொட்டி மேல் பூசிக்கொண்டார். சரசு பதறுவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வடிந்தது, காது சிவந்தது. பிறகு இன்னொரு ரொட்டி கேட்டார். அந்த இடத்தில் மட்டும் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அன்றைக்கு மழையைப் பார்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். சரசு தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். சோளம் விளையும் ஊர், ஏழைக் குடியானவர் வீடு. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்துத் தானே ஒரு கார் கட்டினாராம். கதவு கிடையாது, கூரை கிடையாது. நம் மாட்டு வண்டிக்குப் போல நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்கும். அதில் ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போய் மண் தரையில் வட்டமாக ஓட்டுவது. முன்னால் போகிறவன் சக்கரம் கல்லை வாரி மூஞ்சியில் அடிக்கும். உதட்டில் ஒரு தழும்பைக் காட்டினார். ஸீட்டோடு வார் போட்டுக் கட்டிக்கொள்ள முதலில் யாரும் சம்மதிக்கவில்லையாம். கட்டிக்கொண்டு எரிவதைவிடத் தூக்கி எறியப்படுவது மேல் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் பெரிய பந்தயம். வருஷத்துக்கு ஒரு தரம், ஐந்நூறு மைல். நாங்கள் பதுளைக்கும் கொழும்புக்கும் போய் வந்து மறுபடியும் போனாலும் அவ்வளவு வராது. இவர்கள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார்கள். ஏழு வருஷம் அதில் ஓடினார். ஒரு தரம் நாலாவதாக வந்தார். அதுதான் அவர் தொட்ட உயரம். நாலாவது ஆளை யாரும் ஞாபகம் வைப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார். கூட ஓடியவர்களில் பாதிப் பேர் படுக்கையில் சாகவில்லையாம்.

"எதைப் பார்த்து ஓட்டுவீங்கன்னு கேளு" என்றேன்.

"நேரா முன்னால மட்டும்தானாம். பக்கத்துல பார்த்தவன் செத்தானாம்" என்றாள் சரசு.

இரண்டாம் நாள் விடியும்போது வானம் வெளுத்திருந்தது. செல்வராஜ் முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் யாரும் சொல்லாமலே வானுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இதைச் சொல்லியாக வேண்டும். என் புருஷன் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு பதுளை ஸ்டேஷனுக்குப் போவார். லொறி புறப்படும்போது எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, நல்ல பொம்பளையாகப் பார்த்து எதிரே வரச் சொல்வது எங்கள் தோட்டத்து வழக்கம். பிள்ளைகுட்டி பெருகின என்னைத்தான் எல்லா டிரைவர்மாரும் கூப்பிடுவார்கள். "ராமாயி, கொஞ்சம் எதிர்க்க வந்துட்டுப் போ." நான் குடத்தோடு எதிரே வந்தால் லொறிக்கு வழியில் ஒன்றும் ஆகாது என்று பெயர். கோத்தகிரியில் அவர் காய்ச்சலில் போனார். அன்றிலிருந்து புறப்படுகிற எந்த வண்டிக்கு முன்னாலும் நான் வந்ததில்லை. சரசு அமெரிக்காவுக்கு முதல்முதல் புறப்பட்டபோது அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் தலையைக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்லவிடுவேனா? அவர்கள் சொல்லுமுன் நானே போய்விடுவேன்.

பசறை வரை நன்றாகத்தான் போனோம். மலை பூராவும் தேயிலை. பெரியவர் மட்டும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வந்தார். வளைவுக்குப் பயமோ என்று நினைத்தேன். நமுனுகுல பக்கம் கைகாட்டி, அங்கேதான் நாம் குடியிருந்த லயம் என்று சரசுவுக்குச் சொன்னேன். இறங்குவோமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மனுஷர் இருந்தால் இறங்கலாம், சுவரைப் பார்க்க இறங்குவானேன்?

பசறை தாண்டி மண் சரிந்து பாதை மறித்திருந்தது. பஸ்ஸும் லொறியும் வரிசையாக நின்றன. சனங்கள் இறங்கிப் பாதையோரத்தில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கச்சான் விற்கிற அம்மாள் ஒருத்தி வரிசையோடு நடந்து வந்தாள். நம் நிலக்கடலைக்கு அங்கே கச்சான் என்று பெயர். மணல் சூட்டோடு வறுத்தது, மணம் ஆளைத் தூக்கியது. பசியோடு இருக்கிறாரே என்று ஒரு சுருள் வாங்கினேன். அந்த நேரம் பாதை திறந்துவிட்டதாகக் கத்தினார்கள். செல்வராஜ் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். நான் வானுக்கு முன்னாலேயே குறுக்காக ஓடிவந்து ஏறி, கச்சானைப் பெரியவர் உள்ளங்கையில் கொட்டினேன்.

அவர் முகர்ந்து பார்த்தார். கையைச் சுட்டது போல உதறினார். கச்சான் வானெல்லாம் சிதறியது. என் சேலைப் பக்கம் காட்டி சரசுவிடம் படபடவென்று என்னமோ சொன்னார். செல்வராஜ் என்ன என்று திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பலில் வான் ஓரம் போய், முன்சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் டமாரென்று இறங்கியது.

யாருக்கும் அடியில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் கூடி, ஏலேலோ போட்டுத் தூக்கிவிட்டார்கள். ஆனால் அடியில் ஒரு கம்பி வளைந்துவிட்டது. பதுளைக்கே திரும்பித்தான் சரி பண்ண வேண்டும் என்றார்கள். அன்றைய நாள் போயிற்று. மீதி ஒரே ஒரு காலை. அது முடிந்ததும் கொழும்புக்குத் திரும்பியாக வேண்டும்.

செல்வராஜ் பஸ் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எஞ்சினைப் போட்ட நேரம் அந்தம்மா எதிர்க்க வந்திருக்கக் கூடாது அண்ணே. நெத்தியப் பார்த்தீங்கதானே." பெரியவர் என்ன சொன்னார் என்று சரசுவைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். சொல்லு என்றேன்.

"பந்தயம் ஓட்டுறவங்களுக்குப் பச்சை ஆகாதாம்மா. கச்சான் ஆகவே ஆகாதாம். பொம்பளைங்க காருக்குக் கிட்ட வரக்கூடாதுன்னு சட்டமே வச்சிருந்தாங்களாம். அவர் பயந்துட்டார். உன்னைத் திட்டலை."

உள்ளூர்க்காரருக்கு என் நெற்றி, வெளியூர்க்காரருக்கு என் சேலை. கடல் கடந்து வந்தும் சகுனம் நான்தான். "நாளைக்கு நான் வரலை. நீங்களே போயிட்டு வாங்க" என்றேன். நீ வராவிட்டால் அங்கே நான் யாரிடம் என்ன கேட்பேன் என்று சரசு அழுகிற மாதிரி நின்றாள். என் மனம் இளகவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். பின்னால் சரசு. அவர் கதவுநிலையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசுறதுன்னா மூஞ்சியைப் பார்த்துப் பேசச் சொல்லு. நான் ஒண்ணும் பெரட்டுல நிக்கலை."

சரசு தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் பதில் சொன்னார். சரசு என்னிடம் திரும்பினாள்.

"அவருக்கு நடுவுல இருக்கிறது தெரியாதும்மா. ஓரத்துல இருக்கிறது மட்டும்தான் தெரியும். உன் மூஞ்சியைப் பார்க்கணும்னுதான் கதவைப் பார்க்கிறாராம்."

மூன்று நாளாக இவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து தன் மனைவி ஹெலனைப் பற்றிச் சொன்னார். அவர் ஓட்டிய அத்தனை பந்தயத்துக்கும் அந்தம்மாள் போயிருக்கிறாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடியும். ஒரு வருஷம் அவருடைய சிநேகிதர் கார் தீப்பிடித்தது. இவர் நிறுத்திவிட்டு ஓடிப்போய் இழுத்தார். கை வெந்ததுதான் மிச்சம், ஆள் போய்விட்டார். கரும்புகை எழும்பியதை வேலிக்கு வெளியே நின்று ஹெலன் பார்த்திருக்கிறாள். எரிவது யார் என்று தெரியாது. உள்ளே விட மாட்டார்கள், சொல்லுவாரும் இல்லை. பொழுது சாய்கிற வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அன்றைக்கு என்ன நினைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாலு வருஷம் முன்னால் அவள் இறந்துபோனாள்.

"ஓட்டுற காலத்துல அவங்க ஓரத்துல நின்னாங்க, அதனால தெரியலைங்கிறார். இப்ப ஓரம்தான் தெரியுது, ஆனா அங்க அவங்க இல்லைங்கிறார்."

தேநீர் வரவழைத்தேன். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். போகும்போது கதவுநிலையைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மழை இல்லை. நான் வருகிறேன் என்று சொல்லவில்லை; பச்சைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்ததால் அதையே கட்டிக்கொண்டு இறங்கினேன், அவ்வளவுதான். செல்வராஜ் எலுமிச்சம்பழம் வைத்தார். என் கால் பழக்கப்படி வானுக்குப் பின்னால் போனது. முன் ஸீட்டிலிருந்து பெரியவர் கூப்பிட்டார். சரசு தலையை நீட்டி, "அம்மா, உன்னை முன்னால வந்து நிக்கச் சொல்றார்" என்றாள்.

செல்வராஜ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அம்மா, நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. ஆனா அங்கிட்டு எல்லாம் வளைவு. இனி என்ன நடந்தாலும் என் தலையில போடாதீங்க."

"உன் தலையில போட ஒண்ணும் இல்லை தம்பி. நேரா பார்த்து ஓட்டு, போதும்" என்றேன்.

முன்னால் போய் நின்றேன். குடம் இல்லை, பொட்டு இல்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு வண்டியின் மூஞ்சியைப் பார்த்தேன். பெரியவர் முகத்தை மலைப் பக்கம் திருப்பியிருந்தார். என்னைப் பார்க்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். மெதுவாக நடந்து வந்து ஏறினேன். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்குகிற சத்தம் கேட்டது. அவர் கையை நீட்டினார். சுருளில் மிஞ்சிய கச்சானை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்; அதில் ஒன்றை உடைத்துக் கொடுத்தேன். பல்லில் வைத்து வெகுநேரம் மென்றார்.

மொனராகலைக்கு இறங்குகிற பாதையில் டயர் பஞ்சராயிற்று.

செல்வராஜ் இறங்கி இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பெரியவர் இறங்கி, மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் டயரைச் சுற்றித் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தி, செல்வராஜின் விரலைப் பிடித்து வைத்தார். ஆணி. பலகைக்கு அடிக்கிற நீள ஆணி.

"ஆணிதானாம்" என்றாள் சரசு. "பச்சையும் இல்லை, பொம்பளையும் இல்லை, ஆணி."

செல்வராஜ் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். சக்கரம் மாற்றும்போது பெரியவர் அவரைத் தொடவிடவில்லை என்றே சொல்லலாம். அந்தக் கைக்குக் கண் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நேரம் போய்விட்டது. ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறி, பால் வெட்டி முடித்து, சிரட்டைகளை வாளியில் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர் முகம் விழுந்தது. வாளியோடு வந்த சிங்கள அம்மாளிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கண் போகப் போகிறவர், கடல் தாண்டி இதைப் பார்க்க வந்தவர். அவள் அவரையும் பார்த்தாள், என் சேலையையும் பார்த்தாள், வெயிலையும் பார்த்தாள். இந்த நேரத்தில் வெட்டினால் பால் ஓடாது, கங்காணி ஏசுவான் என்றாள். சொல்லிக்கொண்டே மடியிலிருந்து கத்தியை எடுத்து, இன்னும் கை படாமல் நின்ற ஒரு மரத்துக்கு நடந்தாள்.

பட்டையில் சாய்வாக ஒரு கீறல். நூல் போலத் தோல் சுருண்டு விழுந்தது. வெள்ளையாக முத்து முத்தாக அரும்பி, ஒன்றோடொன்று கூடி, கோடு வழியே சிரட்டைக்கு இறங்கியது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

பெரியவர் மரத்துக்குப் பக்கத்தில் நின்று, முகத்தை மரத்தைவிட்டுத் திருப்பி, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. இவருக்காக ஏச்சு வாங்கப் போகிறேன், இவர் எங்கேயோ பராக்குப் பார்க்கிறாரே என்று கேட்டாள்.

"பார்க்கிறார் அக்கா" என்றேன். "அப்படித்தான் அவர் பார்ப்பார்."

சிரட்டையில் விரலை நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவே அது இழுபடுவதை வெகுநேரம் ஓரக்கண்ணால் பார்த்தார். ஓடின காலமெல்லாம் தனக்கும் தரைக்கும் நடுவே இருந்தது, நாலு சக்கரத்தடியிலும் சேர்த்து நாலு உள்ளங்கை அளவு இது மட்டும்தான் என்றார். பிறகு விரலைத் துடைக்காமல் வந்து வானில் ஏறினார். கொழும்பு வரை துடைக்கவில்லை.

போன ஆவணியில் சரசு வந்திருந்தாள். பெரியவருக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறதாம். பச்சைச் சேலைக்கார அம்மா சுகமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவள் திரும்பிப் போகிற அன்று வாசலில் கார் வந்து நின்றது. மூத்த மருமகள் குங்குமத் தட்டோடு முன்னால் போனாள். என் கால் அடுக்களைக் கதவுக்குப் போனது. போன கால் அங்கேயே நின்றது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி, காருக்கு எதிரே போய் நின்றேன். மருமகள் தட்டோடு கொஞ்சம் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். கண்ணாடிக்குள் சரசு முகம் முழுசாகத் தெரிந்தது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள். வழியில் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் ஆணியாகத்தான் இருந்திருக்கும்.

அடி மீனா, அந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு இப்படி வந்து உட்காரு. அப்பத்தா எழுத்து கோணலாத்தான் இருக்கும். பிழை இருந்தா திருத்திக்கோ, கோவிச்சுக்க மாட்டேன். வண்டிக்கு முன்னால நான் வந்து நிக்கிற இடத்தை மட்டும் தொடாதே. எங்க, முதல்லேர்ந்து வாசி பார்ப்போம். மெதுவா வாசி, வளைவு நிறைய இருக்கு.